மைக் முன்னால் பலித்த துணிச்சல்

விளையாட்டு வர்ணனை என்றதும் "கோல்!" என்று முழங்கும் குரல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், தொலைக்காட்சி நேரலையில் இரண்டு வேலைகள் உண்டு. நடப்பதைச் சொல்பவர் வர்ணனையாளர். அது ஏன் நடந்தது என்று சொல்பவர் ஆய்வாளர்.

முதல் வேலைக்கு அடக்கம் வேண்டும். அமெரிக்காவில் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்கு 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் வர்ணனை செய்தவர் வின் ஸ்கல்லி. 1974 ஏப்ரல் 8ஆம் தேதி ஹேங்க் ஆரோன் தமது 715ஆவது ஹோம் ரன்னை (கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி) அடித்துப் பழைய சாதனையை முறியடித்தார். அதைச் சொல்லிவிட்டு ஸ்கல்லி பேசாமல் இருந்துவிட்டார். கூட்டத்தின் ஆரவாரமே வர்ணனை ஆனது. வாயைத் திறந்தால் மூடாத நம்மூர் அறிவிப்பாளர்கள் சிலர் இதைக் கேட்டிருக்கலாம்!

இரண்டாவது வேலையில் பெயர் வாங்கிய மலேசியர் செர்பகெத் சிங். ரசிகர்களுக்கு அவர் 'ஷெபி'. 1960இல் பிறந்த அவர், 1980களில் தேசியக் காற்பந்து அணியின் தற்காப்பு ஆட்டக்காரர். பிறகு ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்பில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டங்களை அலசினார். அங்கே மாலை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 10 அல்லது 11 மணிக்கு வரும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தே தாரிக்கோடு கண்விழித்தவர்களுக்கு அந்த முகம் புதிதல்ல. வெள்ளைக்கார முன்னாள் வீரர்கள் நிறைந்த இடத்தில் ஒரு மலேசியர் உட்கார்ந்து, தற்காப்பில் எங்கே ஓட்டை விழுந்தது என்று தயங்காமல் சொன்னார். பூசி மெழுகத் தெரியாத பேச்சு. ஆய்வாளருக்கு அதுதான் மூலதனம்.

அதே பேச்சு வேறோர் இடத்தில் வினையானது. இந்தியாவின் வெங்கீஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான பிளாக்பர்ன் ரோவர்ஸ், 1995இல் பிரீமியர் லீக்கை வென்ற கிளப். 2012இல் கீழ்நிலை லீக்குக்கு இறங்கிய அதற்கு, அவ்வாண்டே ஷெபி உலக ஆலோசகர் ஆனார். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றால் நிர்வாகி ஸ்டீவ் கீன் நீக்கப்படுவார் என்று ரசிகர்களிடமே சொல்லிவிட்டார். ஸ்டூடியோவில் அது ஒரு கருத்து. பதவியில் இருப்பவர் சொன்னால் மிரட்டல். செப்டம்பர் இறுதியில் கீன் விலகினார். அடுத்து வந்த ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். இந்தக் குழப்பம் முழுவதையும் ஷெபி ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை, முதலாளிகளுக்கும் பங்குண்டு. ஆனாலும் பேசியவர் அவர் என்பதால் ஏச்சும் அவருக்கே அதிகம்.

2022 ஜனவரி 12ஆம் தேதி, ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில் சைக்கிள் ஓட்டச் சென்றபோது ஷெபி காலமானார். அப்போது அவருக்கு வயது 61.