யான் வட்டாரத்துக்கு ஏற்ற துப்பறியும் ஆட்டம்
1986-இல் மாஸ்கோவில் திமித்ரி டேவிடோஃப் உருவாக்கிய 'மாஃபியா' என்னும் துப்பறியும் ஆட்டத்தில், 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் ஓநாய் மனிதர்களைப் புகுத்தியதால் அது மாயக்கதை வடிவம் பெற்றது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடிவாரத்து யான் வட்டாரத்தில் இதை நடத்துவோர் ஓநாயைத் தேடிப் போக வேண்டியதில்லை. சமையற்காரரின் விரல் அறுபட்டுக் கீரைக் குழம்பில் கலந்த இரத்தத்தைச் சுவைத்துவிட்டு, அந்தச் சுவைக்காகவே மனிதரைக் கொல்லத் தொடங்கிய ராஜா பெர்சியோங், அதாவது கோரைப்பல் அரசன், கெடாவின் பழங்கதையிலேயே இருக்கிறான். சீட்டெடுப்பில் ஒருவருக்கு மட்டும் அரசன் வேடம் இரகசியமாகக் கிடைக்கும்; 'இரவு' என்றதும் அனைவரும் கண்மூட, அவர் மட்டும் கண்திறந்து பலியாளைச் சுட்டுவார்; 'பகலில்' எஞ்சியோர் வாதிட்டு, வாக்களித்து, ஐயத்துக்குரியவரை வெளியேற்றுவர். நடத்துபவரின் குரலோ பார்வையோ அரசன் பக்கம் சற்றே சாய்ந்தாலும் ஆட்டம் கெட்டுவிடும். ஏழெட்டுப் பேர் கூடினால் ஆடிப் பார்க்கலாம்.