செவ்வாய் கிரகத்தில் ஒரு பெரியாறு: இடுக்கி நதியின் பெயர் அங்கு சென்றது எப்படி?

இடுக்கி: செவ்வாய் கிரகத்தில் நீர் ஓடி வறண்டுபோன பழங்கால ஆற்றுத்தடம் ஒன்றுக்குக் கேரளத்தின் பெரியாறு நதியின் பெயரைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கீகரித்தது. அதே பகுதியில் உள்ள பெரிய பள்ளம் ஒன்றுக்கு இந்தியப் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணனின் பெயரும், சிறிய நில அமைப்புகளுக்கு வலியமலை, தும்பா, பேக்கல், வர்க்கலை ஆகிய கேரள ஊர்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன.

ஆங்கிலத்தில் 'பெரியார்' என்றும் 'பெரியாறு' என்றும் எழுதுவதற்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான். அதனால் தமிழ் வாசகர்களில் சிலருக்கு ஈ.வெ.ரா. பெரியாரின் பெயர்தான் செவ்வாய்க்குச் சென்றதோ என்ற ஐயம் எழக்கூடும். அதற்கு வாய்ப்பில்லை. 19-ஆம் நூற்றாண்டு தொடங்கி இன்று வரையிலான அரசியல் தலைவர்கள் எவரின் பெயரையும் ஒன்றியத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. சமய முக்கியத்துவம் கொண்ட பெயர்களுக்கும் இடமில்லை. இங்கே குறிக்கப்படுவது சிவகிரி மலையில் பிறந்து, இடுக்கி வழியாக 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு.

விருப்பப்பட்ட இடத்துக்கு விருப்பப்பட்ட பெயரைச் சூட்டவும் இயலாது. ஓர் இடத்தைப் பற்றி ஆய்வு நடந்து, அதைக் குறிப்பிடப் பெயர் தேவைப்படும்போதுதான் ஒன்றியம் கோரிக்கையைப் பரிசீலிக்கிறது. செவ்வாயில் பெரிய பள்ளங்களுக்கு மறைந்த அறிவியலாளர்களின் பெயர்களும், சிறிய பள்ளங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களும் வைக்கப்படுகின்றன. பெரிய பள்ளத்தாக்குகளுக்குச் செவ்வாயைக் குறிக்கும் பல மொழிச் சொற்கள் உண்டு. 'மங்களா' என்ற சமஸ்கிருதப் பெயரும் அவற்றுள் ஒன்று. சிறிய ஆற்றுத்தடங்களுக்குப் பூமியின் நதிகளின் பெயர்கள். சிந்து நதியின் பெயர் ஏற்கெனவே அங்கு இருக்கிறது.

பெரியாறு உள்ளிட்ட இப்பெயர்களை முன்மொழிந்தவர்கள், திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் வி.ஜே. ராஜேஷும், காசர்கோடு அரசுக் கல்லூரியின் ஆசிப் இக்பால் கக்கசேரியும். அவர்கள் ஆராய்ந்த பகுதி, செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டிய சாந்தே டெர்ரா மேட்டுநிலம். பள்ளத்தின் வயது சுமார் 350 கோடி ஆண்டுகள்.

மனிதர் யாரும் கால்வைக்காத இடத்தில் ஆறு ஓடியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? விடை சுற்றுவட்டப் பாதையில் உள்ள கேமராக்களிடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு முதல் செவ்வாயைச் சுற்றிவரும் அமெரிக்காவின் எம்.ஆர்.ஓ. விண்கலத்தின் ஒரு கேமரா, பரந்த நிலப்பரப்பை ஒரு புள்ளிக்கு 6 மீட்டர் என்ற அளவில் பதிவு செய்கிறது. மற்றொன்று, மேசை அளவுள்ள பாறையையும் காட்டிவிடும். எரிமலைக் குழம்பும் தரையில் தடம் பதிக்கும் என்பதால், வாய்க்கால் போன்ற தோற்றம் மட்டும் சான்றாகாது. கிளைகள் ஒன்றுசேர்ந்து சரிவு நோக்கிச் செல்கின்றனவா, முடிவில் வண்டல் விசிறி போலப் பரந்து கிடக்கிறதா, நீர்பட்டு உருவாகும் களிமண் தாதுக்கள் தென்படுகின்றனவா என்பனவெல்லாம் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. வயதைக் கணிப்பதோ எளிய எண்ணிக்கை: விண்கற்கள் ஏற்படுத்திய சிறு குழிகள் ஒரு பரப்பில் எவ்வளவு அதிகமோ, அப்பரப்பு அவ்வளவு பழையது.

வர்க்கலை பட்டியலில் இடம்பெற்றதற்கும் நீரே காரணம். அங்குள்ள கடலோரக் குன்றுகளில் ஜரோசைட் என்ற தாது காணப்படுகிறது. அமிலத்தன்மை கொண்ட நீர் இருந்தால்தான் அது உருவாகும். இதே தாதுவை 2004-இல் ஆப்பர்சூனிட்டி ரோவர் செவ்வாயில் கண்டறிந்தது.

மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். 1951-இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பேற்ற முதல் இந்தியர். அவர் எழுதிய இந்தியப் புவியியல் நூலைப் படித்தே பல தலைமுறை மாணவர்கள் பாறைகளை அறிந்தனர்.

எல்லைப்புற மக்களுக்குப் பெரியாறு வெறும் பெயரன்று. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கு வருகிறது. அணையின் பாதுகாப்பு, நீர்மட்டம் குறித்த வழக்கில் 142 அடி வரை நீரைத் தேக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்தது. வடக்கே பாலக்காடு மாவட்டத்திலும் இதே நிலைதான்: பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருக்கிறது, அதை இயக்குவது தமிழகம். ஓர் அடி நீர்மட்டத்துக்காக இரு மாநிலங்கள் வாதிடும் ஆற்றின் பெயர், ஒரு சொட்டும் இல்லாத தடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அத்தகைய வறண்ட தடங்களில்தான் இன்றைய செவ்வாய் ஆய்வின் முக்கியக் கேள்விக்கு விடை தேடப்படுகிறது. போஸ்னியாவின் நெரெட்வா நதியின் பெயர் கொண்ட பள்ளத்தாக்கில் பெர்சிவியரன்ஸ் ரோவர் 2024 ஜூலையில் ஒரு சேற்றுப் பாறையைப் படம்பிடித்து, துளையிட்டு மாதிரி எடுத்தது. அதில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற வட்டங்களும், பூமியில் பெரும்பாலும் நுண்ணுயிர்ச் செயல்பாட்டோடு தொடர்புடைய விவியனைட், கிரெகைட் தாதுக்களின் அடையாளங்களும் இருந்தன. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, இது பழங்கால உயிரின் சாத்தியமான தடயம் என்ற அளவிலேயே நின்றது. உயிரின்றியும் இந்தத் தாதுக்கள் உருவாகலாம். உறுதிசெய்ய மாதிரி பூமிக்கு வர வேண்டும். அதற்கான திட்டமோ செலவுச் சிக்கலால் தடுமாறி நிற்கிறது.

செவ்வாயின் பெரியாற்றுத் தடத்தில் இதுவரை எந்த ரோவரும் இறங்கவில்லை. சாந்தே டெர்ராவை அடுத்த கிரைசி சமவெளியில் 1976 ஜூலை 20-ஆம் தேதி வைக்கிங்-1 தரையிறங்கியது. பெரியாறு குறித்து இப்போது கையில் இருப்பவை மேலிருந்து எடுத்த படங்கள் மட்டுமே.