தண்ணீருக்குப் பூச்சியம்

மீன் சந்தையில் தராசுத் தட்டில் மீனைப் போடுவதற்கு முன்பே, வாங்க வந்தவரின் கண் முள்ளைப் பார்த்துவிடும். வெறுந்தட்டில் முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால், அதற்குப் பிறகு சொல்லும் நிறையை யாரும் நம்பமாட்டார்கள். சீ.ரி. ஸ்கானருக்கும் அப்படியொரு பூச்சியம் உண்டு. அது தண்ணீர்.

ஸ்கான் படத்தில் தெரியும் கறுப்பும் சாம்பலும் வெள்ளையும் உண்மையில் எண்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. மூளையின் வெண்பொருள் 20 முதல் 30 வரை, சாம்பற்பொருள் 35 முதல் 45 வரை, புதிதாக உறைந்த இரத்தம் 50 முதல் 80 வரை. இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில், பாதிக்கப்பட்ட மூளைப் பகுதியின் எண் சில அலகுகள்தான் இறங்கும். அந்தச் சில அலகுகளை நம்பித்தான் வைத்தியர் முடிவெடுக்கிறார்.

இந்த அலகுக்கு கொட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் பெயர். அவருடைய கருவி 1971 ஒக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அந்தக் கருவியில் தலையைச் சுற்றி ஒரு தண்ணீர்ப் பெட்டி இருந்தது. 1979இல் அலன் கோர்மக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புதிய ஸ்கானர் வந்து இறங்கியதும் முதலில் படுப்பது நோயாளி அல்ல, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளை. நடுவில் எண் பூச்சியத்தை ஒட்டி, பொதுவாக 4 அலகுக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும். ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வேறுபாடு கூடாது. வளையமோ கோடோ தெரியக்கூடாது. இவற்றில் எதில் தவறினாலும் சோதனை தோல்விதான்.

தோல்வி என்றதும் எல்லோரும் இயந்திரத்தையே பார்ப்பார்கள். நான் முதலில் தண்ணீரைப் பார்க்கச் சொல்வேன். உப்புக் கலந்தால் எண் மேலே ஏறும். கடலோர ஊரில் குழாய்த் தண்ணீரை நம்பாமல் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவது அதனால்தான். சூடும் எண்ணை மாற்றும். திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒரேமாதிரி இராது என்பது நமக்குத் தெரிந்தது. கை உணரும் அந்தச் சூட்டு வித்தியாசம் ஸ்கானருக்கு அடர்த்தி வித்தியாசம். 20 பாகையில் இருந்த நீர் 40 பாகைக்குப் போனால் அடர்த்தி ஏறத்தாழ 0.6 வீதம் குறையும். படத்தில் அது 6 அலகு. பகல் முழுக்க வெயிலில் நின்ற வாகனத்திலிருந்து இறக்கிய உருளையை உடனே சோதித்தால், பழுதே இல்லாத இயந்திரமும் தவறும். உருளையை அறையிலேயே சில மணி நேரம் ஆறவிட்டால் போதும்.

அடுத்தது உருளை கிடக்கும் இடம். எக்ஸ் கதிர்க் குழாயின் முன்னே, நடுவில் மெல்லியதும் ஓரங்களில் தடித்ததுமான ஒரு வடிகட்டி இருக்கிறது. உடல் சரியாக நடுவில் இருக்கும் என்று எண்ணியே அதைச் செய்திருக்கிறார்கள். மேசை இரண்டு சென்றிமீற்றர் தாழ்ந்தாலும் மேலும் கீழும் எண்கள் ஒத்துப்போகாமல் விலகத் தொடங்கும்.

வளையம் தெரிந்தால் கதை வேறு. கதிர்க் குழாயும் எதிரே நூற்றுக்கணக்கான உணரிகள் கொண்ட வில்லும் ஒன்றாகவே சுழல்கின்றன. ஆகவே ஒவ்வொரு உணரியும் சுழற்சியின் மையத்திலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் செல்லும் கதிரைத்தான் பார்க்கிறது. அவற்றில் ஒன்று சற்றுக் கூட்டியோ குறைத்தோ சொன்னால், அந்தப் பொய் படத்தில் வட்டமாக விழும். அதைவிட அழகு, வட்டத்தின் ஆரத்தை அளந்தாலே பிழைத்த உணரி எத்தனையாவது என்று தெரிந்துவிடும். ஸ்கானருக்குள் ஒன்றும் வைக்காமல் வெறும் காற்றைப் பார்க்கவைத்து எல்லா உணரிகளையும் சமப்படுத்துவார்கள். அதற்கும் வளையம் போகாவிட்டால் அந்த உணரித் தொகுதியை மாற்றத்தான் வேண்டும்.

படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடினால், ஒரு தவறான குறுக்குவழி கையருகே இருக்கிறது: கதிரைக் கூட்டுவது. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும். தண்ணீர் உருளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நாளை படுக்கும் பிள்ளைக்கு ஆகும். முதலில் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள படத்துண்டுக்கு வகுத்த இரைச்சல் எல்லையை 1.25 மில்லிமீற்றர் துண்டில் தேடினால் இரைச்சல் இரு மடங்காகத்தான் இருக்கும். எலும்பைக் கூர்மையாகக் காட்டும் கணிப்பு முறையைத் தவறுதலாகத் தேர்ந்திருந்தாலும் இதே நிலைதான்.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ், இத்தகைய கருவியை இயக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் சோதனை அந்தப் பத்திரத்தோடு முடிவதில்லை. தண்ணீர் உருளை அடிக்கடி அந்த மேசைக்குத் திரும்பி வரும். காலையில் ஸ்கான் அறைக்கு வெளியே, ‘மெஷின் செக் பண்ணுறம், கொஞ்சம் இருங்கோ’ என்று சொன்னால், தயவுசெய்து பொறுத்திருங்கள்.