உப்பு பட்டால் நத்தை ஏன் ‘கரைகிறது’?

மழைக்காலக் காலையில் கீரைத் தொட்டியைப் பார்த்தால் இலையெல்லாம் ஓட்டை. விளிம்பில் காய்ந்த வெள்ளிக் கோடு. ஆளைக் காணோம். ஓடில்லா நத்தையின் வேலைதான்! போர்த்திக்கொள்ள ஓடு இல்லாததால் வெயிலில் அதன் உடல்நீர் வற்றிவிடும். அதனால் பகலெல்லாம் தொட்டிக்கு அடியில் பதுங்கி, இரவில் மேய வருகிறது.

உப்பைத் தூவினால் நத்தை கரைவதில்லை. ஈரத்தோலில் பட்ட உப்பு அடர்கரைசலாகி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. ஊறுகாய்க்கு உப்பு போட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குகிறதே, அதே சவ்வூடுபரவல். நத்தை கூடவே கோழையையும் கக்குவதால் கரைவதுபோலத் தெரிகிறது. ஆனால் அந்த உப்பு மண்ணில் இறங்கினால் செடியின் வேரும் நீரெடுக்கத் திணறும். எனவே தோட்டத்தில் உப்பு வேண்டாம்.

உப்புக்குப் பதிலாக முட்டை ஓடு தூவலாமா? பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் வெளியிட்ட சோதனையில் முட்டை ஓடு, செம்புப் பட்டை எதுவும் லெட்யூஸ் செடிகளைக் காப்பாற்றவில்லை. கோழையை விரித்து அதன்மேல் ஊர்கிற பிராணிக்குக் கூர்மை எங்கே உறைக்கும்!

பதுங்கும் பழக்கத்தையே பொறியாக்குங்கள். மாலையில் நனைத்த சாக்கைச் செடியருகே விரித்து, விடிந்ததும் புரட்டுங்கள். நத்தைகள் கும்பலாக ஒட்டிக்கிடக்கும். கையுறை போட்டு எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம். மூளையைத் தாக்கக்கூடிய எலி நுரையீரல் புழு நத்தையின் உடலில் இருக்கலாம், வெறுங்கை கூடாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் காலைக்கு மாற்றுங்கள். இரவில் மண்ணின் மேல்பரப்பு காய்ந்திருந்தால் நத்தை அவ்வளவாக ஊர்ந்து வராது.