தொண்டையிற் பிறக்கும் நத்தார் வாழ்த்து

பிறமொழியில் வாழ்த்துக் கூறுவது எளிதென்றே எண்ணியிருந்தோம். கேப் டவுன் நகரத்து அன்பர் ஒருவருக்கு அவர்தம் தாய்மொழியாகிய ஆபிரிக்கான்ஸில் நத்தார் வாழ்த்துக் கூற விரும்பி, அட்டையிற் கண்ட எழுத்துக்களை ஆங்கிலம் படிப்பது போலவே படித்தோம். "கெஸீண்ட் கெர்ஸ்பீஸ்" என்றோம். அன்பர் முறுவலித்தார். பின்னர், "ஃகெஸியண்டெ கெர்ஸ்ஃபியஸ்" என மெல்லத் திருத்தினார். 'ஆசி பெற்ற நத்தார்' என்பது அதன் பொருள்.

இம்மொழி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1652ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையிற் குடியேற்றம் அமைத்த ஒல்லாந்தக் கம்பனியாரே 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் கைப்பற்றினர். அங்கே ஒல்லாந்த மொழி, கொய்கொய் சுதேசிகளின் நாவிலும், இந்தியா, இலங்கை, கீழைத் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் நாவிலும் புழங்கி ஆபிரிக்கான்ஸாக உருமாறிற்று. இங்கே அது சில சொற்களை மாத்திரம் விட்டுச் சென்றது. நாம் 'கந்தோர்' என்பதை அவர்கள் இன்றும் 'கன்டூவர்' என்கின்றனர்.

இனி உச்சரிப்பைக் கவனிப்போம். வாழ்த்தின் முதலில் நிற்பது 'ஜீ' என்னும் எழுத்து. அது ககரமுமன்று, ஜகரமுமன்று. அடித்தொண்டையிற் காற்று உராய்ந்து பிறப்பது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கடினமன்று. 'பகல்' என்னுஞ் சொல்லில் ககரம் நெகிழ்ந்து ஒலிக்கின்றதன்றோ? அவ்வொலியைச் சற்றுக் கரகரப்பாக்கிச் சொல்லின் முதலில் வைத்தால் வாழ்த்துப் பாதி வந்துவிடும். இதனாலேயே நாம் அதனை ஆய்தமிட்டு எழுதினோம்.

இரட்டை 'ஈ' எழுத்து ஆங்கிலத்திற் போல் ஈகாரமாகாது, 'இய' என ஒலிக்கும். 'ஃபியஸ்' என்றால் விழா. 'கெர்ஸ்' என்பது தனித்து நின்றால் மெழுகுதிரி. இச்சொல்லிலோ அது கிறிஸ்துவின் பெயர் திரிந்த வடிவம். 'ஸி' என்னுமிடத்தில் அழுத்தம் கொடுத்து, 'டெ'யை இலேசாகச் சொல்லி விட்டுவிடல் வேண்டும்.

புத்தாண்டுக்கு, "அ ஃபுவர்ஸ்புடெஃகெ நூவெயார்" என்பர். வளமான புத்தாண்டு என்பது பொருள். முதற் சொல்லில் எழுதப்படுவது 'வீ', ஒலிப்பதோ 'ஃப'. 'நூ' என்பதை, உதட்டைக் குவித்துக்கொண்டு 'நீ' என்று சொல்ல முயன்றாற் பெறலாம். மறுமொழி, "பாயெ டாங்கி", மிக்க நன்றி. இதிற் பகரம் 'பக்தி'யிற் போல ஒலிக்கும். 'பாயெ' மலாய் மொழியிலிருந்து வந்த சொல்.

இதே மொழிக்குத் துயரமான வரலாறும் உண்டு. இனவொதுக்கல் அரசு அதனைக் கறுப்பினப் பாடசாலைகளிற் போதனா மொழியாகத் திணித்தமையால், 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆந் திகதி சொவெட்டோ மாணவர் வீதியில் இறங்கினர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பிள்ளைகள் மாண்டனர். திணிக்கப்பட்ட மொழி கசக்கும் என்பதை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நாமும் அறிவோம். ஆயினும் குற்றம் மொழியினதன்று. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோரிற் பெருந்தொகையினர் வெள்ளையரல்லர். எமக்கு உச்சரிப்புக் கற்பித்த அன்பரும் அடிமைகளாக வந்தோரின் வழித்தோன்றலே. ஆண்டவனின் மொழியாக ஒருவர் வெறுத்ததை, அன்னையின் மொழியாக மற்றொருவர் நேசிக்கின்றார்.

கட்டளையிட்டுப் புகுத்தினால் ஒரு மொழி நெஞ்சிற் புகாது. விரும்பிக் கற்ற இரண்டு சொற்களோ வாயிலைத் திறந்துவிடும். மாணவர்களே, முதன்முறை நாப் பிறழ்ந்தால் நாணவேண்டாம். மூன்று நாட்கள் பயின்று நாம் மீண்டும் அன்பர் முன் நின்றோம். "ஃகெஸியண்டெ கெர்ஸ்ஃபியஸ்" என்றோம். இம்முறை அவர் திருத்தவில்லை. எம் கையைப் பற்றி, "பாயெ டாங்கி" என்றார்.