பொன்னிழை நெய்யரியும் விண்மீனின் எக்ஸ்-கதிரும்

இரவிலே தூரத்து விளக்கொன்றை விரித்த குடைத்துணியினூடாக நோக்கினால், அதனைச் சூழ நிறம் படர்ந்த ஒளிப்புள்ளிகள் தோன்றக் காணலாம். நெருங்கிய இழைகளினிடையே புகும் ஒளி, தன் அலைநீளத்துக்கேற்ற கோணத்தில் விலகிச் செல்வதே இதற்குக் காரணம். இவ்வாறு சம இடைவெளியில் நுண்கோடுகள் அமைந்த கருவியை நெய்யரி என்பர்.

பல இலட்சம் பாகை வெப்பமுள்ள விண்மீன் வாயு எக்ஸ்-கதிர்களை வீசுகின்றது. அவற்றை நமது வளிமண்டலம் உறிஞ்சிவிடும். ஆதலின் ஆய்கருவி செய்மதியில் ஏறவேண்டும். கண்ணாடி அரியமும் இங்கே உதவாது; எக்ஸ்-கதிரை அது வளைப்பதினும் விழுங்குவதே மிகுதி. எஞ்சியது நெய்யரியே. ஆயின் 1 நனோமீற்றர் அளவான அலையைப் பிரிக்கக் கோடுகள் மிக நெருங்கியிருத்தல் வேண்டும்.

வானியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி, 1999 யூலை 23இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கியில், மசாசூசெற்சு தொழினுட்பக் கழகத்தார் ஆக்கிய 336 நெய்யரித் துண்டுகள் உள்ளன. இவற்றுள் நுண்ணிய வகையில் ஒரு மில்லிமீற்றருக்குள் 5,000 பொற்கோடுகள் அடங்கும். அத்தகைய நெய்யரி 1 நனோமீற்றர் கதிரை 8.6 மீற்றருக்கு அப்பாலுள்ள உணரியில் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர் விலக்குகின்றது. எல்லாக் கதிர்களும் கூர்மையாகக் குவியும்பொருட்டுத் துண்டுகள் வளைந்த பரப்பொன்றின்மேல் நிரைப்படுத்தப்பட்டன.

இங்கேதான் அமைப்போர் மதி சோதனைக்குள்ளாயிற்று. விண்மீனிலிருந்து வருங்கதிரோ மிகச் சொற்பம். கோடும் இடைவெளியும் சம அகலமாயிருந்து, கோடுகள் கதிரை முற்றாக மறிப்பின், முதல் வரிசை நிறமாலைக்குப் பக்கத்துக்குப் பத்திலொரு பங்கே கிட்டும். மெல்லிய பொன்னோ கதிரில் ஒரு பகுதியைக் கசியவிடும். இக்குறையை அவர்கள் பயனாக மாற்றினர். பொன்னூடே வருமலை, இடைவெளியூடே வருமலையோடு ஏறக்குறைய அரையலை முரண்படுமாறு தடிப்பைத் தெரிந்தனர். நேராகச் செல்லும் ஒளி தேய்ந்தது. பக்கங்களிலே பிரியும் ஒளி பெருகியது.

பயன் யாது? கபெல்லா என்னும் விண்மீனின் கதிர் பிரிந்தபோது இரும்பு, நெயன், ஒட்சிசன் முதலியவற்றின் கோடுகள் தனித்தனியே தோன்றின. இரண்டு இலத்திரன்களே எஞ்சிய ஒட்சிசன் அணு நெருங்கிய மூன்று கோடுகளைத் தரும்; அவற்றின் ஒப்பளவு வாயுவின் அடர்த்தியை உணர்த்தும். எவரும் சென்று தொடவியலாத நெருப்பை அளந்தறிய, மயிரிழையினும் மெல்லிய பொன் துணைபுரிகின்றது. குறையென்று தள்ளத்தக்கதையும் ஆராய்ந்து பயன்கொள்வதே அறிவின் இயல்பு.