பழைய புல்லட்டுக்குப் புது ஷாக்: அளந்த பிறகே பணத்தை எடுங்கள்

1955-இல் சென்னையில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய காலத்திலேயே அதன் பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் இரண்டு ஷாக் அப்சார்பர்களும் இருந்தன. அந்த அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதனால் பழைய புல்லட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஷாக் கிடைக்கிறது. ஆனால், பளபளப்பைப் பார்த்து வாங்கினால் பணமும் போகும், வண்டியின் நிதானமும் போகும்.

முதலில், கெட்டது ஷாக்தானா?

ஷாக்கில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், பிஸ்டனின் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாய்ந்து ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. பின்சீட்டை ஓங்கி அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெயின் வேலை முடிந்துவிட்டது. ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் சீல் போய்விட்டது.

வளைவில் பின்பக்கம் அலைவதற்கு ஷாக் மட்டுமே காரணமல்ல. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். டயர் காற்றையும் பாருங்கள். ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டால், ஷாக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்ஷை மாற்றினாலே தீரக்கூடும். எல்லாவற்றிலும் மலிவான பழுது அதுதான்.

எதை அளக்க வேண்டும்?

பின்சக்கரம் தரையில் படாதபடி நிறுத்தி, மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ் போல்ட்டின் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். போல்ட்டின் தடிமனையும் புஷ்ஷின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷாக் நீளமானால் பின்பக்கம் உயரும். ஹேண்டில் சட்டென்று திரும்பும், சென்டர் ஸ்டாண்ட் சரியாக நிற்காது. குட்டையானால் பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசும்.

அடுத்தது ஸ்பிரிங். நீங்கள் வழக்கமான சுமையோடு உட்காரும்போது, ஷாக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அடியிலுள்ள வளையத்தைத் திருப்பினால் வண்டியின் உயரம்தான் மாறும்; ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. தனியாகவே ஓட்டுபவருக்குக் கடினமான ஸ்பிரிங் முதுகுவலியைத்தான் தரும்.

பணத்தை எங்கே போடுவது?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் பல விலைகளில் ஷாக் தொங்கும். பக்கத்தில் வாயுக்கான சிறு உருளை ஒட்டியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். மலிவான சிலவற்றில் அது வெறும் அலங்காரம். சரியான நீளமுள்ள, பெயர்பெற்ற நிறுவனத்தின் சாதாரண ஆயில் ஷாக்கே அன்றாட ஓட்டத்துக்குப் போதும்.

பழையதைக் கழற்றிச் சீல் மாற்ற முடியும் என்றால், தண்டைத் தடவிப் பாருங்கள். துருக்குழியோ கீறலோ இருந்தால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கை உரிய கருவி இல்லாமல் வீட்டில் கழற்றாதீர்கள். தெறித்தால் எலும்பு முறியும்.

பணம் குறைவு என்று ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. இரு பக்கமும் வெவ்வேறு விதமாக அமுங்கினால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டு வண்டி வளைவில் தடுமாறும். ஜோடிக்குப் பணம் சேரும்வரை காத்திருங்கள். அதுவரை மெதுவாக, பின்னால் ஆள் ஏற்றாமல் ஓட்டுங்கள்.